பூஜைத் தட்டில் கிடந்த ஆணி

மகன் சுந்தரத்துக்கு, மதுரையிலிருந்து அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். கண்ணில் மூட்டம் இறங்கியிருக்கிறது, ஸ்பேனரைப் பிடித்தால் வலது கை நடுங்குகிறது, மற்றபடி சாப்பாடும் தூக்கமும் உண்டு. உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோழி கிளறிய குப்பைமேடு மாதிரி இருக்கும் உன் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கவே ஒரு பொழுது போயிற்று. பட்டாளத்தில் நான்கு வருஷம் லாரி ஓட்டப் பழக்கியவர்கள் கொஞ்சம் எழுதவும் பழக்கியிருக்கலாம். அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்தாய். ஒன்று, கோயம்புத்தூரில் நீ ஓட்டுகிற மில்காரர் வீட்டுக் கார் கியர் விழ மாட்டேன் என்கிறது, எப்படித் தள்ளினாலும் கரகரவென்று கத்துகிறது, கியர்ப்பெட்டியைக் கழற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இன்னொன்று, தை மாதம் நடக்கப்போகும் உன் கல்யாணத்துக்குச் சோழவந்தான் மாமா வீட்டுக்குப் பத்திரிகை போகக்கூடாது, அந்த ஆள் பந்தலுக்குள் கால் வைத்தால் மணவறையிலிருந்து எழுந்து போய்விடுவேன் என்று எழுதியிருந்தாய். இரண்டுக்கும் பதில் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் ஒரே பதில் என்பதால்தான் பேனாவை எடுக்க எனக்கு இத்தனை நாளாயிற்று.

முதலில் காரைப் பார்ப்போம், அது சுலபம். கியர்ப்பெட்டியைத் தொடாதே. எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பார். அணைத்த வண்டியில் மெதுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கத்துகிறது என்றால் கியர்ப்பெட்டிமேல் ஒரு குற்றமும் இல்லை. கிளச்சை மிதித்தால் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவேண்டும். விலகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிற சக்கரத்தில் இன்னொரு சக்கரத்தின் பல்லைக் கொண்டுபோய்ச் செருக முடியாது, அதனால்தான் கத்துகிறது. வண்டிக்கு அடியில் படுத்து, பெடலிலிருந்து போகும் கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போ. அந்தக் கம்பியைக் கோத்து வைத்திருக்கும் ஆணி தேய்ந்திருக்கும், அல்லது கழன்று விழுந்திருக்கும். விரல் நீளம்கூட இருக்காது. நம் தொழில்காரர்களுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வண்டிக்காரர் முகத்தைப் பார்த்ததும் பெரிய வியாதியாகச் சொல்லத் தோன்றும். சின்னதாகச் சொன்னால் நம் கெட்டிக்காரத்தனம் யாருக்குத் தெரியும்? அந்தப் புத்தி உனக்கு வேண்டாம். அவசரமாகப் போகவேண்டுமென்றால் ஆணி இல்லாமல்கூடப் போகலாம். எஞ்சினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, பத்துப் பேரை விட்டுத் தள்ளச் சொல். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிடும், நடுவில் நிறுத்தாமல் ஓட்டவேண்டும், அவ்வளவுதான். இது எனக்கு இன்றைக்குத் தெரிந்த வித்தையில்லை, இருபது வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. சொல்லியிருக்கவேண்டிய நாளில் அதை வாய் திறந்து சொல்லவில்லை.

அப்போது உனக்கு ஐந்து வயது. பேரையூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் முதலாளி வீட்டுக் காருக்கு நான் டிரைவர், மெக்கானிக், காவல்காரன் எல்லாம். சுற்று வட்டாரத்துக்கே அது ஒரு கார்தான். அது கிளம்பினால் சோளக்காட்டில் களை எடுப்பவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள், நான் அவர்களைப் பார்க்காத மாதிரி ஓட்டுவேன். மதுரைப் பட்டறையில் மூன்று வருஷம் எண்ணெய் துடைத்துவிட்டு வந்தவன், ஆனால் அந்த ஊரில் என்னை இஞ்சினியர் என்றுதான் சொல்வார்கள். அதை நான் ஒருநாளும் திருத்தியதில்லை. உன் அம்மாதான் கேலி செய்வாள். "இஞ்சினியரு வீட்டு வெளக்குத் திரியத் தூண்டக்கூடாதோ" என்பாள். அந்த வருஷம் அவள் இரண்டாவது பிள்ளைக்கு நிறைமாதமாக இருந்தாள். சோழவந்தானிலிருந்து அவளுடைய அண்ணன், உன் மாமா, கொடிக்காலிலிருந்து கிள்ளிய வெற்றிலைக் கட்டும் வாழைத்தாருமாக வந்து ஒரு வாரம் எங்களோடு தங்கியிருந்தார். நீ அவர் தோளைவிட்டு இறங்கவில்லை. இது உனக்கு நினைவிருக்காது, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பே காரைக் கழுவித் துடைக்க ஆரம்பித்தேன். யாரும் குனிந்து பார்க்காத அடிப்பாகத்தைக்கூட விடவில்லை. கிளச்சுக் கம்பியைக் கழற்றி மண்ணெண்ணெயில் துடைத்தேன், அதன் ஆணியையும் கழுவி மற்றச் சாமான்களோடு போட்டேன். அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். திரும்பி வந்து கம்பியை மட்டும் அதன் இடத்தில் செருகி வைத்தேன், ஆணியைக் கோக்க மறந்துபோனேன். பூஜையன்று காலையில் ஸ்பேனர், குறடு, சுத்தியல் எல்லாவற்றையும் பித்தளைத் தட்டில் அடுக்கி மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது அந்த ஆணியும் அவற்றோடு ஒன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடமாட்டோம் என்பது உனக்குத் தெரியும். கொல்லன் அன்றைக்கு உலை மூட்டமாட்டான், நாவிதர் கத்தியை எடுக்கமாட்டார்.

காலையிலேயே உன் அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. உச்சிப் பொழுதுக்கு மருத்துவச்சி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன் கைக்கு அடங்காது, உடனே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள். முதலாளி நல்ல மனுஷர். மாலை போட்டு நிறுத்தியிருந்த காரைக் காட்டி, "எடுத்துட்டுப் போடா, யோசிக்காத" என்றார். பின் சீட்டில் மெத்தை விரித்து உன் அம்மாவைப் படுக்க வைத்தோம். எஞ்சின் முதல் சுற்றிலேயே கிளம்பியது. கிளச்சை மிதித்தேன். கால் சேற்றில் இறங்குகிற மாதிரி பெடல் கீழே போயிற்று. கியரைத் தள்ளினால் ஊரே கேட்கும்படி கத்தியது. ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. பின்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள், முன்னால் ஊர் கூடி நிற்கிறது. என்ன ஆயிற்று என்று முதலாளி கேட்டார். குனிந்துகூடப் பார்க்காமல் நான் சொன்னேன், "கியர்ப்பெட்டில பல்லு ஒடஞ்சு போச்சு முதலாளி."

சொன்ன பிறகுதான் அடியில் படுத்துப் பார்த்தேன். கம்பி கழன்று தொங்கியது. ஆணி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. அது எங்கே இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வெளியே வந்திருக்கலாம். தட்டிலிருந்து ஆணியை எடுத்துக் கோத்திருந்தால் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் கிளம்பியிருப்போம். பக்கத்தில் யாரோ படுக்கிறார்கள் என்று திரும்பினேன், உன் மாமா. கார் அடியை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கொடிக்காலில் ஒவ்வொரு கொடியையும் தனித்தனியாகப் பார்த்துக் கட்டிப் பழகிய கண் அது.

"மாப்ள, இந்த ஓட்டைக்குள்ள என்னமோ இருக்கணும்ல? அங்க தட்டுல ஒரு சின்ன ஆணி கெடக்கே, அதுவா?" என்றார்.

"சும்மா இருங்க மச்சான், ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது. உள்ள பல்லு போயிருச்சு."

"போட்டுத்தான் பாப்பமே. எடுத்துட்டு வாரேன்."

"பூஜைல வச்சதத் தொடாதீங்க மச்சான்" என்றேன். சத்தமாகவே சொன்னேன், வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

சாமிக்குப் பயந்து சொன்னேன் என்று இருபது வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். அன்றைக்கு நான் சாமியை நினைக்கவே இல்லை. அந்த ஆணியை எடுத்துக் கோத்து வண்டி கிளம்பிவிட்டால், நானே கழற்றி நானே மறந்தது ஊருக்குத் தெரியும். பல் உடைந்தது என்று சொன்னவன் முட்டாள் என்று தெரியும். இஞ்சினியர் என்று கூப்பிட்ட வாய்களெல்லாம் சிரிக்கும். உன் அம்மா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது உன் அப்பன் நினைத்தது இதைத்தான். 

வெளியே வந்து, பெட்டியை இறக்கவேண்டும், ஸ்பேனரெல்லாம் பூஜையில் இருக்கிறது, நாளைக்குத்தான் தொடமுடியும் என்றேன். முதலாளி ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், பிறகு கூண்டுவண்டியைப் பூட்டச் சொன்னார். தொழில் தெரிந்தவன் நான் சொல்லிவிட்டேன், அவருக்கு அதற்குமேல் என்ன தெரியும்? உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் மாமாவும் வண்டியில் ஏறினோம். மழை பெய்து தடம் முழுவதும் சேறு. கல்லுப்பட்டி தாண்டும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மாமா மாடுகளோடு சேர்ந்து சக்கரத்தை உந்திக்கொண்டே நடந்து வந்தார். உன் அம்மா கண்ணைத் திறந்து, "காரு என்னாச்சு?" என்று கேட்டாள்.

"பல்லு ஒடஞ்சு போச்சு" என்றேன்.

"அதுக்கு நீங்க என்ன செய்வீக. கலங்காதீங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பய சாப்பிட்டானா?" என்றாள். சாப்பிட்டிருப்பான் என்றேன். திருமங்கலத்துக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, அவள் போய்விட்டாள். பிள்ளையும் அவளோடு போயிற்று. அது தம்பியா தங்கச்சியா என்றுகூட உனக்கு என்னால் சொல்ல முடியாது. வண்டியை நிறுத்தி, சேற்றில் உட்கார்ந்து அழுதேன். மனைவியைப் பறிகொடுத்தவனின் அழுகை என்றுதான் வண்டிக்காரர் நினைத்திருப்பார்.

மறுநாள் வீட்டில் சனம் கூடியது. ஒன்றும் புரியாமல் நீ என் தோளில் கிடந்தாய். என் அண்ணன், உன் பெரியப்பா, எல்லாரும் கேட்க, "கார் இருந்தும் ஏன்டா கூண்டுவண்டில போனீக? சாமானத்த எடுத்துச் சரி பண்ண வேண்டியதுதான?" என்று கேட்டார். அத்தனை கண்ணும் என்மேல் இருந்தது. நான் சொன்னேன், "மச்சான்தான் பூஜைல வச்சதத் தொடக்கூடாதுன்னு தடுத்துட்டாரு." ஒரே ஒரு வாக்கியம். உன் மாமா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கிடந்த உன்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்கு அவரை வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்ன சொற்களை நான் இங்கே எழுதமாட்டேன். சொந்தத் தங்கச்சிக்கு வாய்க்கரிசி போடக்கூட அவரை யாரும் விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கே தெரியும், ஆனால் தெரிந்ததெல்லாம் தலைகீழ். நாம் மதுரைக்கு வந்தோம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் உனக்குச் சட்டைத்துணி எடுத்துக்கொண்டு சந்து முனையில் வந்து நிற்பார். உனக்குப் பத்து வயசானபோது அந்தத் துணியை வாங்கிச் சாக்கடையில் எறிந்தாயே, அப்போது நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து அதை எடுத்து, உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷமும் வந்தார். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே நீ கேட்டாய், "மாமாதான அம்மாவக் கொன்னாரு?" நான், "பழச விடு, சாப்பிடு" என்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆயிற்று, அதைக் காப்பாற்ற ஒவ்வொரு நாளும் பொய் சொல்லவேண்டியிருந்தது. உன்னிடம் கோபமும் வைராக்கியமும் இருக்கிறது என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். அதை ஊட்டி வளர்த்தது நான்.

உன் கடிதம் வந்த நாலாம் நாள் பஸ் ஏறிச் சோழவந்தானுக்குப் போனேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. கொடிக்காலில் அகத்தி நிழலில் உட்கார்ந்து கொடி கட்டிக்கொண்டிருந்தார். முடியெல்லாம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாப்ள, பையன் நல்லா இருக்கானா?" என்றார், போன வாரம் பார்த்துப் பேசியவர் மாதிரி. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஆணியை மறந்தது, பல் உடைந்ததென்று சொன்னது, அவர்மேல் பழியைப் போட்டது, ஒன்றையும் விடவில்லை. அவர் கையிலிருந்த, கொடி கட்டும் கோரையைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்ல மாப்ள. அந்த ஆணியத்தான் நான் பாத்தேனே" என்றார்.

"பெறகு ஏன் மச்சான் அன்னைக்கே சொல்லல? அம்புட்டுப் பேரு நின்னாகளே."

"பய ஒங்க தோள்ல கெடந்தான். ஆத்தா போயிட்டா. நான் வாயத் தொறந்தா அவனுக்கு அப்பனும் இல்லாமப் போயிருவான். மாமன் இல்லாம வளந்துருவான், அப்பன் இல்லாம என்ன செய்வான்?"

எனக்கு அங்கே உட்காரவேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதியதைச் சொல்லவில்லை, அவரே தெரிந்துகொண்டார். "நான் வரல மாப்ள. நல்ல நாளும் அதுவுமா அவன் மனசு கலங்கும். தெருவுல கூட்டத்தோட கூட்டமா நின்னு பொண்ணு மாப்பிள்ளயப் பாத்துட்டுப் போறேன், ஒங்களுக்குக்கூடத் தெரியாது" என்றார். பட்டாளத்துக்குப் போய் மெலிந்துவிட்டாயா என்று கேட்டார். பஸ் வரும்வரை கூடவே நின்றார். 

நீ கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய். உனக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன் வீட்டில் ஏதாவது தவறினால், தவறியது உன்னால்தான் என்று தெரிந்தால், அதை உடனே, அவள் கேட்கும்படி சொல்லிவிடு. அவள் சிரித்தால் சிரிக்கட்டும், திட்டினால் திட்டட்டும். நான் உன்னிடம் சொல்லிவிட்டேன், உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். உன் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. என்மேல் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் போனாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தாய்மாமன் மாலை எடுத்துத் தராத கல்யாணம் நம் பக்கம் கல்யாணமில்லை என்று உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. நான் மணவறையில் உட்காரவேண்டுமா, வாசலில் நிற்கவேண்டுமா, வராமலே இருக்கவேண்டுமா என்பதை நீ முடிவு செய்துகொள். எதுவானாலும் எனக்குச் சம்மதம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதானால் எனக்கு எழுதாதே, சோழவந்தானுக்கு, உன் மாமா பெயருக்கு எழுது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். என்னைப் பற்றி நீ என்ன எழுதியிருந்தாலும் ஒரு எழுத்து விடாமல் படிப்பேன்.

இப்படிக்கு,
அப்பா